ஏரிக்கரைத் தூண்டில்: எந்த முள், எந்த இரை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று நான்கு மாவட்டங்களாகிவிட்ட பழைய வட ஆற்காட்டில், ஏரிகள் நிரம்பும் ஆண்டுகளில் தூண்டிலோடு கரைக்கு வருகிறவர்களில் பலர் புதியவர்கள். பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு அவர்கள் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் நம் தக்கையை யார் பார்ப்பது? அதனால் எழுதி வைத்துவிட்டேன். படகு, வலை பற்றி இதில் எதுவும் இல்லை. கரையில் நின்று போடும் தூண்டில் மட்டும்.

கடையில் போய் நின்றால் தலை சுற்றுகிறது. முதலில் என்னென்ன வாங்க வேண்டும்?

முள் (தூண்டில் கொக்கி), நரம்பு (தூண்டில் நூல்), ஈயம் (இரையை இறக்கும் கனம்), தக்கை (மிதவை). இந்த நான்கும் இருந்தால் போதும், கோலாக ஒரு மூங்கில் கழியே ஆகும். தக்கையைக்கூட வாங்க வேண்டியதில்லை. பழைய ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி நடுவில் துளையிட்டால் முடிந்தது. ஈயம் இல்லாவிட்டால் சைக்கிள் கடையில் ஒரு சிறிய நட்டு கேளுங்கள். ஈயக்குண்டைப் பல்லால் கடித்து மூடும் பழக்கம் மட்டும் வேண்டாம். ஈயம் உடம்புக்கு விஷம்.

ரீல் வைத்த விலை உயர்ந்த கோலை வாங்கிவிட்டு, மழுங்கிய முள்ளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது. பணத்தை முதலில் முள்ளில் போடுங்கள். முள்ளின் கூர்முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக வைத்து இழுத்துப் பாருங்கள். நகத்தில் பதிந்து நின்றால் நல்ல முள். வழுக்கிக்கொண்டு போனால் அதைத் தூக்கிப் போடுங்கள்.

முள்ளின் எண்ணைப் பார்த்தால் குழப்பமாக இருக்கிறது அண்ணா. 12 பெரியதா, 4 பெரியதா?

4 தான் பெரியது. எண் ஏற ஏற முள் சிறுக்கும். 1-க்கு மேல் பெரிய முள் வேண்டுமென்றால் 1/0, 2/0, 3/0 என்று எழுதுவார்கள். அங்கே எண் ஏறினால் முள்ளும் பெருக்கும். ஆகவே 2-உம் 2/0-உம் ஒன்றல்ல. கம்பெனிக்குக் கம்பெனி அளவு கொஞ்சம் மாறும் என்பதால் எண்ணை மட்டும் நம்பாமல் கண்ணாலும் பார்த்து வாங்குங்கள்.

ஜிலேபிக்கும் சிறு கெண்டைக்கும் 10 அல்லது 12. கெளுத்திக்கு 6 அல்லது 8. ரோகு, மிர்கால் என்றால் 4 முதல் 6 வரை. கட்லா பெரிதாக இருக்கும் ஏரியானால் 2 வரை போகலாம். விராலுக்கு 1/0-இலிருந்து 3/0 வரை. நரம்பும் அதே கணக்கில் தடிக்க வேண்டும்: ஜிலேபிக்கு 0.20 மில்லிமீட்டர், ரோகுவுக்கு 0.30 அல்லது 0.35, பெரிய கட்லாவுக்கு 0.40. முள் பெரியது, நரம்பு மெல்லியது என்றால் மீன் அறுத்துக்கொண்டு போகும். நரம்பு தடித்து முள் சிறியதாக இருந்தால் மீன் இரையைத் தொட்டுவிட்டுத் துப்பிவிடும்.

மீன் எந்த ஆழத்தில் மேய்கிறது என்று கரையில் இருந்துகொண்டு எப்படித் தெரிந்துகொள்வது?

மீனின் வாயைப் பாருங்கள். இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். மீன் கடைக்குப் போய் ஒரு கட்லாவையும் ஒரு மிர்காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கட்லாவுக்குத் தலை பெரிது, கீழ்த்தாடை முன்னே துருத்திக்கொண்டு வாய் வானத்தைப் பார்த்திருக்கும். அது தண்ணீரின் மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும் மீன். மிர்காலின் வாய் கீழ்நோக்கி இருக்கும். அது தரையைத் துழாவும். ரோகு இரண்டுக்கும் நடுவே. உதட்டோரம் கத்தரித்த துணி விளிம்பு மாதிரி சிறு சிறு மடிப்புகள் இருக்கும். நடுத் தண்ணீரில் மேயும், கரையோரப் பாசியையும் சுரண்டும்.

மீன்வளத் துறையோ குத்தகைதாரரோ குஞ்சு விடும்போது இந்த மூன்றையும் சேர்த்து விடுவதற்குக் காரணமே இதுதான். ஒன்றின் தீனியை இன்னொன்று பிடுங்காது. அப்படியானால் தரையில் கிடக்கும் இரைக்கு கட்லாவையும், மேலே தொங்கும் இரைக்கு மிர்காலையும் எதிர்பார்த்து உட்காருவதில் அர்த்தமில்லை. கட்லாவுக்குத் தக்கையிலிருந்து முள்வரை இரண்டு முதல் நான்கு அடி. ரோகுவுக்கு ஆழத்தில் பாதிக்குமேல். மிர்காலுக்கும் கெளுத்திக்கும் தரை. ஜிலேபிக்குச் சட்டம் கிடையாது. கரையோரம் முழங்கால் ஆழத்திலேயே கூட்டமாக நிற்கும்.

ஆழத்தை அளக்க, முள்ளுக்குப் பதில் கனமான ஈயத்தைக் கட்டிப் போடுங்கள். தக்கை முழுகினால் ஆழம் இன்னும் அதிகம். படுத்துக்கொண்டால் நரம்பு நீளம் கூடிவிட்டது. நிமிர்ந்து தலை மட்டும் தெரியும் நிலைக்கு வரும்வரை தக்கையை ஏற்றி இறக்குங்கள்.

தக்கை கட்டுவதா, ஈயத்தோடு தரையில் கிடத்துவதா?

மேலே சொன்ன வாய்க் கணக்குதான் இதற்கும். மேல் தண்ணீருக்கும் நடுத் தண்ணீருக்கும் தக்கை. தரைக்கு ஓடும் ஈயம். அதாவது துளையுள்ள ஈயத்தை நரம்பில் கோத்து, அதற்குக் கீழே ஒரு முடிச்சோ மணியோ வைத்து, பிறகு ஒரு முழம் விட்டு முள் கட்டுவது. மீன் இரையை இழுக்கும்போது நரம்பு ஈயத்தின் துளைக்குள்ளே ஓடும். மீனுக்குக் கனம் தெரியாது. ஈயத்தை இறுக்கிக் கட்டினால் தொட்ட நொடியே சந்தேகப்பட்டு விட்டுவிடும்.

மூன்றாவது வகை, ஸ்பிரிங் தூண்டில். கம்பிச் சுருளைச் சுற்றிப் புண்ணாக்கு மாவை அப்பி, அதைச் சுற்றிக் குட்டை நரம்புகளில் நான்கைந்து முட்களை மாவுக்குள்ளேயே புதைப்பார்கள். கட்லாவும் ரோகுவும் கரையும் மாவை உறிஞ்சும்போது முள்ளும் உள்ளே போய்விடும். நன்றாக வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் முள் வாயில் ஏறாமல் கண்ணிலும் செவுளிலும் குத்துவதும் உண்டு. சிறிய மீனைத் திரும்ப விட நினைப்பவருக்கு அது ஏற்றதல்ல.

மண்புழுவை எங்கே தோண்டுவது? முள்ளில் கோத்ததும் செத்துத் தொங்குகிறதே?

எருக்குழி ஓரம், வாழையடி, குளியலறைத் தண்ணீர் போகும் இடம். எருவில் கிடைக்கும் சிவந்த மெல்லிய புழு தண்ணீரில் அதிக நேரம் நெளியும். கொட்டாங்குச்சியில் எடுத்த இடத்து ஈர மண்ணோடு போட்டு, மேலே ஒரு இலையை மூடி நிழலில் வையுங்கள். வேலூர் வெயிலில் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து வைத்தால் அரை மணி நேரத்தில் வெந்துவிடும்.

புழுவை முழுதாக முள்ளில் ஏற்றாதீர்கள். தலைப்பக்கத்தில் தொடங்கி முள்ளின் வளைவு மறையும் வரை ஏற்றிவிட்டு, வாலில் ஒரு விரற்கடை தொங்க விடுங்கள். அந்த வால் நெளிவதைப் பார்த்துத்தான் கெளுத்தி வரும்.

மாவு உருண்டை தண்ணீரில் விழுந்ததும் கரைந்துபோகிறது. என்ன சேர்க்க வேண்டும்?

கடலைப் புண்ணாக்கு இரண்டு பங்கு, மைதா ஒரு பங்கு, தவிடு அரைப் பங்கு. செக்கிலிருந்து வாங்கிய புண்ணாக்கை இடித்துச் சலித்து, லேசாக வறுத்தால் வாசனை ஏறும். வெல்லத்தைக் கரைத்த தண்ணீரை ஏரித் தண்ணீரோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசையுங்கள். சப்பாத்தி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக வந்ததும் ஈரத்துணியில் அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். அந்த அரை மணி நேரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மைதாவின் பசை இழுத்துப் பிடிப்பது அப்போதுதான். இன்னும் கரைந்தால், பிசையும்போது கொஞ்சம் பஞ்சைப் பிய்த்துச் சேருங்கள்.

எல்லா மீனுக்கும் கரையாத மாவு நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். மிர்காலுக்குத் தரையில் பத்து நிமிடம் நிற்கும் உருண்டை வேண்டும். கட்லா உருண்டையைக் கடிக்காது, கரைசலை உறிஞ்சும். அதற்கு மைதாவைக் குறைத்து மெல்ல உதிரும்படி வையுங்கள். ஏலக்காய், வெண்ணிலா எசன்ஸ், ஓமம் என்று ஆளுக்கொரு ரகசியம் வைத்திருப்பார்கள். வாசனைக்குக் கெண்டை இனம் வருவது உண்மை. எந்த வாசனை என்பதைவிட, இரை விழும் இடத்தில் முன்கூட்டியே இரண்டு கைப்பிடி தவிடும் புண்ணாக்கும் போட்டு வைத்தீர்களா என்பதுதான் முக்கியம்.

பரோட்டா போட்டால் மீன் வருமா?

ஜிலேபி வரும். சால்னா வேண்டாம்.

முள் இறங்கியதுமே சின்ன மீன்கள் கொத்திக் கொத்தி இரையைத் தீர்த்துவிடுகின்றன. என்ன செய்வது?

பாதி நேரம் அது ஜிலேபிக் குஞ்சு. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன். முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பதால் எந்தக் குட்டையிலும் பெருகிவிடும். மீதி நேரம் கெண்டைப்பொடி. தரையாக இருந்தால் நண்டு. புழுவை விட்டுவிட்டு மாவுக்கு மாறுங்கள், மாவையும் கெட்டியாக்குங்கள், கரையோரத்தை விட்டு இன்னும் பத்தடி தள்ளிப் போடுங்கள். ஊறவைத்து அரைவேக்காடாக வேகவைத்த மக்காச்சோள மணியும் நல்ல மாற்று. தோல் கெட்டி, சின்ன வாய்க்குள் போகாது. அதுவும் முடியாவிட்டால் முள்ளை 12-க்கு மாற்றி அந்தச் சின்ன மீன்களையே பிடியுங்கள். வறுத்தால் முள்ளோடு தின்னலாம்.

விராலுக்கு உயிர்த் தவளைதான் வேண்டுமா?

வேண்டாம். ரப்பர் தவளை போதும். அதன் இரண்டு முட்களும் மேல்நோக்கி உடம்போடு ஒட்டி இருப்பதால் தாமரை இலை மேலும் கோரைப்புல் இடையிலும் சிக்காமல் இழுக்கலாம். விரால் நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும் மீன். அவ்வப்போது மேலே வந்து ஒரு குமிழி விட்டுப் போகும். குமிழி வந்த இடத்துக்கு மூன்று நான்கு அடி அப்பால் தவளையைப் போட்டு, தத்தித் தத்தி அதன் மேலே இழுத்து வாருங்கள். நரம்பு பின்னல் நரம்பாக இருக்கட்டும். நைலான், கோரையின் வேரில் அறுந்துவிடும். வெட்டுக்கிளியையும் கரப்பானையும்கூட விரால் எடுக்கும்.

பாய்ந்து அடித்த சத்தம் கேட்டதும் சுண்டாதீர்கள். தவளை கண்ணிலிருந்து மறைந்து நரம்பு நகரும்வரை பொறுங்கள். இன்னொன்று: மழைக்காலத்தில் தண்ணீர் மேல் செந்நிறமாகக் குஞ்சுகள் கொப்பளிப்பதுபோல ஒரு கூட்டம் தெரிந்தால், கீழே தாய் தகப்பன் காவலுக்கு நிற்கிறது. அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் கோபத்தில் கடிக்கும். அதைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் ஒரே நாளில் துடைத்துவிடும். அங்கே போடாதீர்கள்.

தக்கை ஆடியவுடன் இழுக்கிறேன், வெறும் முள்தான் வருகிறது. எப்போது சுண்ட வேண்டும்?

ஆட்டத்துக்கும் அமுங்கலுக்கும் வித்தியாசம் உண்டு. துடிதுடித்து ஆடினால் சின்ன மீன் கொத்துகிறது, விடுங்கள். சரசரவென்று ஒரே பக்கமாக நகர்ந்தாலோ சாய்வாக முழுகினாலோ ரோகு அல்லது ஜிலேபி; இப்போது மணிக்கட்டால் ஒரு சுண்டு. நின்றிருந்த தக்கை மேலே எழும்பிப் படுத்துக்கொண்டால் தரையிலிருந்த இரையை மிர்கால் தூக்கிவிட்டது என்று அர்த்தம். புதியவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. கெளுத்தி இழுத்துக்கொண்டே ஓடும், சுண்டத் தேவையே இல்லை. விராலைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன்.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிக்குப் புதுத்தண்ணீர் வரும்போது மீன் வரத்துக்காலை எதிர்த்து ஏறும். அந்த வாயருகே கலங்கிய தண்ணீரில் மண்புழு போட்டால் வேறு எதுவும் வேண்டாம். ஏரி நிரம்பிக் கோடி போகும்போது கல் தடுப்பின் மேல் வழியும் தண்ணீரோடு மீனும் இறங்கும் என்பதால் கூட்டம் அங்கே கூடும். ஆனால் பாசி படிந்த அந்தக் கருங்கல் மேல் நிற்காதீர்கள். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது தண்ணீரின் வேகம் எப்படி இருந்தது என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தை, மாசியில் தண்ணீர் தெளிந்து நிற்கும். மாவுத் தூண்டிலுக்கு நல்ல காலம். சித்திரையில் தண்ணீர் சுருங்கி மீன் நெருங்கிவிடும், கிடைக்கவும் கிடைக்கும்.

காலையிலும் மாலையிலும் என்பது பொது விதி. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பச்சைப் பாசி மண்டிய ஏரியில் இரவெல்லாம் பாசியே ஆக்சிஜனை இழுத்துக்கொள்வதால், விடியற்காலைதான் தண்ணீரில் காற்று மிகக் குறைவு. மேகமூட்டத்துக்கு மறுநாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். அது பசியல்ல, மூச்சுத்திணறல். அந்த நேரத்தில் எந்த இரையையும் தொடாது. வெயில் ஏறி எட்டு, ஒன்பது மணி ஆகட்டும்.

இரவில் உட்காரலாமா?

கெளுத்திக்கும் விலாங்குக்கும் இரவு நல்லது. ஆனால் இடம் பார்க்க வேண்டும். குடியாத்தம் பக்கம் மோர்தானா அணையை ஒட்டிய காடு ஆந்திரத்தின் கௌண்டின்யா சரணாலயத்தோடு தொடர்வது, யானை நடமாட்டம் உண்டு. சாத்தனூர் அணைத் தண்ணீரில் முதலை இருக்கிறது. இந்த இரண்டு இடங்களிலும் பொழுது சாயும் முன் மூட்டையைக் கட்டிவிடுங்கள்.

முள் எங்கேயோ மாட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்கிறது. தினமும் ஈயம் போகிறது.

நம் ஏரிகளில் அது பெரும்பாலும் முழுகிய சீமைக்கருவேல முள். வறண்ட ஆண்டுகளில் ஏரிக்குள் வளர்ந்து, நிரம்பியதும் அப்படியே அடியில் நிற்கிறது. கோடையில் ஒருநாள் காய்ந்த ஏரியைச் சுற்றி நடந்து, மரம் எங்கே, பள்ளம் எங்கே, மண் எடுத்த குழி எங்கே என்று பார்த்து வையுங்கள். மழைக்காலத்தில் அதைவிடப் பயனுள்ள வரைபடம் கிடையாது.

ஈயத்தை மட்டும் மெல்லிய நரம்பில் தனியாகக் கட்டுங்கள். முதன்மை நரம்பு 0.35 என்றால் ஈயத்துக்கு 0.20. மாட்டினால் ஈயம் மட்டும் அறும், முள்ளும் மீனும் உங்களிடம் வரும்.

வெளிநாட்டு வீடியோக்களில் கடற்கரையில் நின்று காட் மீனுக்குப் போடும் அமைப்பை இங்கே போட்டால் என்ன?

காட், வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த கடல் மீன். அகன்ற வாய், தாடையில் ஒரு மீசை. தரையில் கிடக்கும் நண்டையும் புழுவையும் அப்படியே விழுங்கும். அதனால்தான் அவர்கள் 3/0, 5/0 என்று பெரிய முட்களில் கடற்புழுவையும் கணவாய்த் துண்டையும் கொத்தாகக் கட்டுகிறார்கள். அலையிலும் நீரோட்டத்திலும் நிற்க 150 கிராம் ஈயம் போடுகிறார்கள். உறிஞ்சும் வாயுள்ள நம் ரோகு அந்த முள்ளைப் பார்க்கக்கூடச் செய்யாது. 150 கிராம் ஈயமோ ஏரி வண்டலில் இரையோடு சேர்ந்து புதைந்துவிடும். இங்கே 10 முதல் 20 கிராம் தாராளம்.

இரண்டு யோசனைகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஈயத்தை அறுந்துபோகும் நரம்பில் கட்டுவது அவர்களும் செய்வதுதான். முந்தின பதிலில் சொன்னேன். மற்றொன்று, இரையைத் தரையிலிருந்து சற்றே எழுப்பி வைப்பது. முள்ளுக்கு அருகே நரம்பில் மிளகளவு செருப்பு ரப்பரைக் கோத்தால், மாவு வண்டலில் புதையாமல் மேலே நிற்கும்.

மீனை முள்ளிலிருந்து எடுக்கும்போது கையில் குத்திவிட்டது. கடுக்கிறது. விஷமா?

எந்த மீன் என்று பாருங்கள். தேளி என்றால் ஆமாம், அதன் பக்கத்துடுப்பு முள்ளில் விஷம் உண்டு. கெளுத்தி குத்தினாலும் நன்றாகக் கடுக்கும். காயத்தைக் கழுவி, கை தாங்கும் அளவு சூடான தண்ணீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள், கொதிநீர் கூடாது. வலி அடங்கும். முள் உடைந்து உள்ளே இருந்தாலோ வீக்கம் ஏறினாலோ மருத்துவரிடம் போங்கள், டெட்டனஸ் ஊசியும் கேளுங்கள். அடுத்த முறை ஈரச் சாக்குத் துண்டால் பிடியுங்கள்.

முள்ளில் ஆமை மாட்டினால்?

நம் ஏரிகளில் இருக்கும் பாலாமை வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. வீட்டுக்கு எடுத்துப் போவது குற்றம். முள் வெளியே தெரிந்தால் குறடால் கொண்டையை (கூருக்கு அருகே பின்னோக்கி நிற்கும் சிறு முனையை) நசுக்கி எடுத்துவிட்டு விடுங்கள். விழுங்கியிருந்தால் இழுக்காமல் நரம்பை வாயருகே வெட்டுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி வந்தால் இதற்கு நேர் எதிர். வளர்க்கவே தடை செய்யப்பட்ட மீன் அது, மற்ற மீன்களை அழித்துவிடும். திரும்ப ஏரியில் விடாதீர்கள்.

யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? ஏரி பொதுச் சொத்துதானே?

தண்ணீர் பொது, மீன் அப்படியல்ல. பெரும்பாலான ஏரிகளில் மீன்பாசிக் குத்தகை ஏலம் போயிருக்கும். குஞ்சு வாங்கி விட்டவர் குத்தகைதாரர். ஊரில் விசாரித்து, குத்தகைதாரரிடம் "ஒரு தூண்டில் போட்டுக்கொள்ளட்டுமா?" என்று கேட்டால் பலர் சரி என்பார்கள், சிலர் ஒரு தொகை கேட்பார்கள். கேட்காமல் ஸ்பிரிங் தூண்டிலை வரிசையாக நட்டு வைத்தால் சண்டைதான். வேலூர்க் கோட்டை அகழியைப் பற்றியும் கேட்கிறார்கள். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். ஏரியைப்போல நினைக்க வேண்டாம்.

பாலாற்றுப் பள்ளங்களில் பிடித்த மீனைச் சாப்பிடலாமா?

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் தொழிற்சாலைக் கழிவு ஆற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது ஊரறிந்த கதை. வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வெள்ளம் வடிந்தபின் அந்தப் பகுதிகளில் தேங்கும் குட்டைகளில், குறிப்பாகக் கால்வாய்க் கழிவு சேரும் இடத்தில், நான் பிடித்துச் சாப்பிட மாட்டேன். தரையைத் துழாவும் மீன்கள் அடிவண்டலோடு சேர்த்தே தின்கின்றன. நுரை, நிறம், வாடை எதுவும் தெரியாவிட்டாலும் தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் இருக்கலாம். வேகவைத்தால் அது போகாது.

ஒரே ஏரி, ஒரே மாவு. பக்கத்தில் இருக்கும் ஐயாவுக்கு மட்டும் விழுகிறது, எனக்கு விழவில்லை. ஏன்?

முதலில் அவர் தக்கைக்கும் முள்ளுக்கும் இடையே எவ்வளவு நரம்பு விட்டிருக்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் வித்தியாசம் அங்கேதான் இருக்கும். ஒரு அடி ஏற்றமோ இறக்கமோ போதும், மீன் மேயும் தண்ணீரைத் தவறவிட்டுவிடுவோம். அடுத்து, முள்ளின் எண். அதற்கடுத்து, உட்காரும் முன் அவர் கைப்பிடி தவிடு தூவினாரா என்பது. காவேரிப்பாக்கம் போன்ற பெரிய ஏரியானால் காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறது என்றும் கவனியுங்கள். மிதக்கும் தீனி அந்தப் பக்கம் ஒதுங்கும், மீனும் ஒதுங்கும்.

இல்லாவிட்டால் அவரிடமே கேட்டுவிடுங்கள். ஆழம் சொல்வார், முள் சொல்வார், இடத்தில் கொஞ்சம் நகர்ந்தும் உட்காருவார். மாவில் என்ன சேர்த்தார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.